படு என்று ஒரு சொல்

பட்டாளத்தை நான் நம்புவதில்லை. பேசத் தெரிந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு ஊமையைத் திருப்பி அனுப்புகிறார்கள். சண்டை நடந்த இடத்திலிருந்து என் மகன் வந்தபோது அப்படித்தான் வந்தான். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா." ஒன்றுமில்லாதவனா வாசலுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்து சாப்பிடுவான்? எதையோ மறைக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அவன் மகளைச் சுண்டெலி என்று கூப்பிடுவோம். "ஏ தாத்தா, நீ தள்ளு" என்று என்னை அதட்டுகிற வாய் அது. அவன் போனபோது கைக்குழந்தை. இப்போது அவனைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றது.

"பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை!" என்று மருமகள் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. பெற்ற அப்பனுக்கு மகள் மரியாதை கொடுத்தால் அது அடிதான்.

வீட்டின் முன்பக்கம் என் பஞ்சர் கடை. சும்மா இருந்தால் கை துருப்பிடிக்கும் என்று அவனையும் கூட நிற்கவைத்தேன். அன்று மத்தியானம் ஒரு லாரி டிரைவர் டயரைக் கொண்டுவந்து போட்டார். தேய்ந்து நூல் தெரிகிற டயர்.

"இன்னும் கொஞ்சம் காத்து வைங்க பெரியவரே. தாங்கும்."

"தாங்காது."

"எல்லாம் தாங்கும், வைங்க."

வைத்தேன். வெடித்தது.

"படு!"

அது என் மகன் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. என் பிடரியைப் பிடித்துக் கீழே தள்ளி மேலே விழுந்தான். டியூப் முக்கிப் பார்க்கிற தொட்டியோரச் சேற்றில் என் முகம்.

"என்ன பெரியவரே, மகன் உங்களையே பஞ்சராக்கிட்டான்?" என்று டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஊரான் முன்னால் மானம் போகும்போது வேறென்ன செய்வது? சிரித்துக்கொண்டே மகனிடம், "எந்திரிடா, இது கடை, உன் போர்க்களம் இல்ல" என்றேன்.

எழுந்தான். முட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் தெருவோரம் போய் நின்றுகொண்டான்.

பிறகுதான் பார்த்தோம், சுண்டெலியைக் காணோம். கடை மூலையில் வால்வு மூடிகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை. உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலில் செருப்போடு படுத்திருக்கிறது. கழுத்துவரை போர்வை, கண்கள் இறுக மூடியிருந்தன. எங்கள் வீட்டில் படு என்றால் தூங்கு என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் அதற்கு எப்படித் தெரியும்?

"எந்திரிடி கண்ணு," என்றாள் மருமகள்.

"மாட்டேன். அவர் படுக்கச் சொன்னார்."

"அம்மா சொல்றேன்ல?"

"அவர் சொல்லட்டும்."

மருமகள் போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது. அப்படியும் பிள்ளை அசையவில்லை.

நான் வெளியே போனேன். "நீதானே படுக்கவச்ச? வந்து எழுப்பு."

"நீங்க எழுப்புங்கப்பா."

"எங்க பேச்சு எடுபடல. புள்ள ஈரத்துல கிடக்கு. உனக்கு என்னடா ரோசம்?"

"ரோசம் இல்லப்பா. வெக்கம்." தொட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்கயும் படுன்னு நான்தான் கத்துவேன். எல்லாரும் படுப்பாங்க. அப்புறம் போய் எழுப்பினா, சில பேரு..."

இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததெல்லாம் என் தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. டிரைவரோடு சேர்ந்து சிரித்த சிரிப்புதான் நெஞ்சில் புளித்தது.

"இவ எந்திரிப்பாடா," என்றேன். "வா."

வந்தான். கட்டிலருகே நின்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்படியே வெறுந்தரையில் படுத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுண்டெலி ஒரு கண்ணைத் திறந்தது.

"உங்களை யாரு படுக்கச் சொன்னா?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் எந்திரின்னு சொல்லணும்."

"சொல்ல வரலம்மா."

பிள்ளை யோசித்தது. "மெதுவாச் சொல்லிப் பாருங்க."

அவன் சொன்னான். மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம்; என் காதில் விழவில்லை. அதன் காதில் விழுந்திருக்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்கிவிட்டது. நனைந்த பாவாடையைப் பின்னால் கையால் மறைத்துக்கொண்டு, "நீங்களும் எந்திரிங்க" என்றது.

போர்வையை அவனே கொண்டுபோய்க் கடைத் தொட்டியில் அலசினான். டியூப் முக்குகிற கறுப்புத் தண்ணீர் அது. அழுக்கு இன்னும் கூடுமே தவிரக் குறையாது. போர்வையின் மறுமுனையைச் சுண்டெலி பிடித்துக்கொண்டது.

"நல்லா முறுக்குங்க," என்றது.

என்னை அதட்டுவதுபோல "முறுக்கு" என்று சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.