ஹேசல் பிரிக்ஸ் சாகும்போது சொன்னது

ஹேசல் பிரிக்ஸ் என்ற அமெரிக்கப் பேசாப்பட நடிகை மொத்தம் நாற்பத்தொரு படங்களில் நடித்தாள். முப்பத்தெட்டில் செத்தாள், மிச்சம் மூன்றில் மயங்கி விழுந்தாள். பேசும் படம் வந்ததும் குரல் சரியில்லை என்று துரத்திவிட்டார்களாம். பாவம், மனமுடைந்து போனாளாம். ஒஸ்லோவில் ஒரு திரைப்படக் காப்பகத்தை நடத்தும் கரோலினா, பத்து வருடமாக இதையே கண்ணீர் மல்கச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவள் தேவிகா.

தேவிகாவுக்கு மூன்று வயதிலிருந்தே காது மந்தம். மெசின் போட்டால் கொஞ்சம் கேட்கும். ஆனால் உதட்டைப் பார்த்தே தமிழ், நொர்வேஜியன், இங்கிலீஷ் மூன்றையும் பிடித்துவிடுவாள். பயிற்சி எடுத்த இடம் கல்யாண மண்டபம். மேளச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் சனம் வாய் திறக்கும். எதிர் வரிசையில் இவள் சாவகாசமாக உட்கார்ந்து, யார் போட்டிருப்பது கவரிங், யாருக்கு மருமகளோடு கதை பேச்சில்லை எல்லாவற்றையும் வாசிப்பாள். தன்னைப் பார்த்துச் சொல்லும் "பாவம்" உட்பட.

காப்பகத்தில் அவளுக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதாகக் கரோலினா சொல்லியிருந்தாள். ஹேசலின் கடைசிப் படத்தைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றும்போது மரணக் காட்சி வந்தது. காதலன் மடியில் தலை, கண்ணில் நீர், துடிக்கும் உதடு. கலைக்கு அவள் சொன்ன பிரியாவிடை அது என்பது கரோலினாவின் கட்சி. தேவிகா வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஹேசல் சொன்னது இதுதான்: "இன்றைக்கும் வெங்காயம் தின்றுவிட்டு வந்திருக்கிறாய், எருமை. முழங்கையை எடு. திங்கட்கிழமை சொந்தமாகத் தொப்பிக் கடை திறக்கிறேன். இனி உங்கள் ஒருவருடைய மூஞ்சியிலும் முழிக்கமாட்டேன்."

அடி சக்கை! ஒருவரும் துரத்தவில்லை. தானாகவே உதறிவிட்டுப் போயிருக்கிறாள்.

கேட்டதும் கரோலினாவின் முகம் சுண்டிப்போனது. "இந்தப் படத்தின் திரையிடல் முடியும்வரை யாரிடமும் சொல்லாதே. உன் வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம்" என்றாள்.

நகரின் ஓரத்தில், ஹவுகெட்டோவில் இருந்த வீட்டில் அம்மா ராசமலரும் அதே பாட்டுத்தான். "செத்துப்போனவள் என்ன சொன்னால் உனக்கென்ன? நிரந்தர வேலையடி! பேசாமல் இரு."

"பத்து வருசமா அவளைப் பாவம் எண்டு சொல்லிக்கொண்டு திரியினம் அம்மா. எனக்குப் பத்திக்கொண்டு வருது."

"ஓம், வேலைக் கடிதம் கையிலை வந்தாப் பிறகு பத்தட்டும்."

திரையிடலுக்கு அம்மாவையும் கூட்டிப் போனாள். மண்டபம் நிறைந்திருந்தது. படம் முடிந்து வெளிச்சம் வந்தபோது பலர் மூக்கைத் துடைத்தார்கள். உரையாற்ற எழும்பிய கரோலினா, மேடையோரம் நின்ற நிர்வாகியிடம் குனிந்து ஏதோ சொன்னாள். நாலாவது வரிசையில் இருந்த தேவிகாவின் முகம் மாறியது.

"என்னடி சொல்லுறாள்?" என்றாள் ராசமலர்.

"'அந்தச் செவிட்டுப் பிள்ளையை வெள்ளிக்கிழமையோடை அனுப்பிறன். இப்ப சொல்லாதேங்கோ, பாவம்' எண்டு."

ராசமலர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "பிறகென்ன என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்? போ. போய் மைக்கை வாங்கு!"

தேவிகா போனாள். வாங்கவில்லை, கரோலினாவின் கையிலிருந்து பறித்தாள். ஹேசல் சொன்னதை வெங்காயத்திலிருந்து தொப்பிக் கடைவரை ஒன்றும் விடாமல் சொன்னாள். மண்டபம் சிரித்துக் குலுங்கியது. அது அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"இனி, இரண்டு நிமிடத்துக்கு முன்னால் கரோலினா சொன்னதையும் சொல்கிறேன்" என்றாள்.

கரோலினா அவசரமாகக் கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.