சண்டே கிரேவியின் தொண்டை

"கர்ர்ர்... கர்ர்ர்..."

கடைசி வளைவில், அரம் தேய்ப்பது போன்ற அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. பயிற்சித் தடத்தின் வேலியோரம் நின்ற நான் ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். இரண்டு மாதம் முன்புதான் எங்கள் குதிரை சண்டே கிரேவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்திருந்தோம்.

ஒன்டாரியோவில் எங்கள் லாயத்தில் பந்தயக் குதிரைகளைப் பழக்குவது நான். பின்னால் பூட்டிய இரு சக்கர வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவது என் தம்பி கார்னெட். குதிரை மூச்சை இழுக்கும்போது சத்தம் வந்தால் தொண்டையில் கோளாறு என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் சத்தம் ஆரம்பித்ததும் கால்நடை மருத்துவர் மூக்கு வழியாகக் காமிராக் குழாய் விட்டு மூன்று முறை பார்த்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. ஓடும்போது மட்டும் அடைத்துக்கொள்ளும் என்று பிடிவாதம் பிடித்து அறுக்கச் சொன்னவள் நான்தான்.

அதன்பின் குதிரைக்கு ஓய்வு; அதை மட்டுமே ஓட்டும் கார்னெட்டுக்கும்தான். சத்தமும் இல்லை. குணமாகிவிட்டதென்று லாயம் முழுக்க டோனட் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது கார்னெட் வண்டியை நிறுத்தினான். குதிரை சாதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"டேய், அது நீயா?"

"தூசி, முதலாளியம்மா. என் தொண்டையிலயும் கத்தி வைக்கப் போறியா?"

சிரிப்பு இருமலானது. கையுறையில் ரத்தம்.

இரண்டு வருடம் முன்பு அவன் நாக்கிலிருந்து ஒரு புற்றுக்கட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். அது முடிந்த கதை என்றே நினைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் அதே மாதிரிக் குழாய், இந்த முறை அவனுக்கு. மூச்சுக்குழாயின் உள்சுவரில் ஒரு கட்டி. நாக்கில் இருந்த நோய் அங்கே போய் முளைப்பது ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டர். மூச்சுக்கு வழி செய்துவிடலாம், ஆனால் நுரையீரலுக்கும் பரவிவிட்டது, முழுதாக எடுக்க முடியாது என்றார். "வசந்தத்திலேயே வந்திருந்தால்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"குதிரைய மூணு தடவை பாக்கச் சொன்னேன்டா. பின்னாடி உக்காந்திருந்த உன்னை ஒரு தடவையாவது பாத்திருக்கலாம். மன்னிச்சிருடா."

கார்னெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சத்தம் என்னோடதுன்னு எனக்கு மார்ச்லயே தெரியும்க்கா. சொல்லியிருந்தா, கடிவாளத்தை வேற எவன் கையிலயாவது குடுத்திருப்பே."