டிவியைப் பார்த்துப் போன வீடு

காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா தன் வீட்டு டிரெட்மில்லில் எவ்வளவு தூரம் நடந்தாரோ, அவ்வளவு தூரம் வீடும் நகர்ந்தது. முதல் நாள் காலையிலேயே அடுத்திருந்த மருந்துக்கடையைக் கடந்துவிட்டது. பேருந்தில் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுப்பவரைப்போல மருந்துக்கடை சற்று ஒதுங்கிக்கொண்டது. தண்ணீர்க் குழாய் உடையவில்லை, மின்கம்பியும் அறுந்துபோகவில்லை. அதனால் தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்திரப்பட்டவள் அவருடைய மனைவி மட்டும்தான்.

அவள் தையல்காரி. முன்னறைதான் அவளுடைய கடை. பள்ளிச் சீருடை தைப்பது, ஜிப் மாற்றுவது, கால்சட்டைக்கு நீளம் குறைப்பது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த வாடிக்கை. வீடு நகர்ந்தால் வாடிக்கையும் கூடவே நகருமா? இத்தனைக்கும் அவருடைய கிறுக்குகளையெல்லாம் பொறுத்துப் பழகியவள்தான். கல்யாணமான புதிதில் தண்டால் எடுத்தார். அப்புறம் ஓட்டம் என்றார், அது ஒரு மழைக்கு நின்றுபோனது. ஸ்கிப்பிங் கயிறு வந்து துணி காயப்போட உதவியது. வயிற்றைக் குலுக்கும் பெல்ட் வந்தது, பச்சைக் காய்கறி வந்தது. டிவி டாக்டர் என்ன சொன்னாலும் கேட்டார். அவருடைய வயிறு மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

டிரெட்மில்லை டிவிக்கு எதிரே போட்டதுதான் வினை. டிவி மேற்குச் சுவரில் இருந்தது, வீடும் மேற்கே மேற்கே போனது. சலூன், தபால் நிலையம் எல்லாம் கழிந்து ரயில் பாதையையும் தாண்டியது.

"அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு நடங்களேன், வந்த வழியே போயிடலாம்" என்று கெஞ்சினாள்.

"செவுத்தப் பாத்துக்கிட்டு மனுஷன் எப்படிம்மா நடக்கறது?" என்றார்.

தினமும் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஊருக்கு வெளியே, சிமெண்ட் குடோனுக்குப் பக்கத்தில் வீடு போய் நின்றது. அதுகூட அவள் பேச்சைக் கேட்டு அல்ல. "நடந்தா மூட்டு தேயுமாம். இப்பல்லாம் வெயிட்டுதான் தூக்கறாங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குள் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். அங்கே பஸ்ஸில் போய் வந்தார்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். அந்த ஒரு பருவத்து வேலையில்தான் வருஷம் ஓட வேண்டும். ஆனால் வந்தது பட்டன் தைக்க ஒரே ஒரு லாரி டிரைவர். "ஒங்க ஒடம்பக் கொறைக்க என் பொழப்புதான் கெடச்சுதா?" என்று அவள் கத்தியபோது அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்.

குடோனில் மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டு டிரெட்மில்லைக் கிழக்கே திருப்பினாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அப்படியே ஏறி நடந்தாள். எதிரே வெறும் சுவர். திட்டுவதற்கு அது வசதியாகத்தான் இருந்தது. கல்யாணமான நாள்முதல் விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் அந்தச் சுவரிடம் சொல்லித் தீர்த்தாள். கோபம் ஏற ஏற வீடு வேகமெடுத்தது. ரயில்வே கேட்காரர் கேட்டைத் திறந்து வழிவிட்டார்.

பழைய இடத்துக்கு வந்தால், அங்கே கண்ணாடி வைத்துக் கட்டிய ஒரு ஜிம் நின்றது. அவர் சேர்ந்திருந்த அதே ஜிம். அது ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். உள்ளே அவர் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி தன் புஜத்தைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகை வந்தது. அந்த இடத்தின்மேல் இருந்த ஆசையும் அந்த நிமிஷமே விட்டுப்போனது. நடையை மட்டும் நிறுத்தவில்லை. அந்தத் தெருவையே கடந்து, பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே போய்த்தான் இறங்கினாள். மறுநாள் காலை தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அதிலிருந்து வேலை இருக்கிற இடத்தில் வீடு இருந்தது. சீருடைக் காலத்தில் பள்ளிக்கூடம், மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி, சந்தை. சில வருஷம் கழித்து, நடப்பதைப்போல நல்லது வேறில்லை என்று டிவி டாக்டர் சொன்னார். குமாஸ்தா டிரெட்மில்மேல் கைவைத்தார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் அவரைப் பார்த்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் அலுவலகம் விட்டதும் வாசலில் பேப்பர் விற்கிறவரிடம், "நம்ம வீடு இன்னிக்கு எங்கப்பா?" என்று கேட்பார்.

"சந்தைக்கு அந்தப் பக்கம் சார், கொஞ்சம் தூரம்தான்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு நடப்பார்.