கோலுக்கு ஒரு ஹார்ன்

மைதானத்தைச் சுற்றிக் கார்கள் வேலியை முட்டிக்கொண்டு மழையில் நின்றன. கோல் விழுந்தால் காருக்குள் உட்கார்ந்தபடியே ஹார்ன் அடித்துக் கொண்டாடுவது ஆஸ்திரேலியாவில் எங்கள் விம்மெரா பக்கத்து ஃபுட்பால் வழக்கம். ஆனால் மெல்போர்ன் கிளப்புகளுக்கு ஆள் தேடி அலையும் நாங்கள் மட்டும் ஹார்னைத் தொடவே மாட்டோம். தொட்டால், கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் யார்மேல் கண் வைத்திருக்கிறோம் என்று போட்டிக் கிளப்புக்குத் தெரிந்துவிடும்.

நான் பார்க்க வந்தது வெளியூர் அணியின் ஹாமிஷை. மழைக்குப் பயந்து அவன் ஊர்க்காரர்கள் யாரும் வரவில்லை. கோட்டோரத்திலிருந்து இடதுகாலால் அவன் உதைத்த பந்து வளைந்து போய்க் கோலானது. ஒரு ஹார்ன்கூட ஒலிக்கவில்லை. அவன் கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை, ஹார்னை ஓங்கி அடித்துவிட்டேன்.

பக்கத்துக் காரிலிருந்த போட்டிக் கிளப்புக்காரன் மெர்வ் கண்ணாடியை இறக்கினான். "யோவ், இத்தன வருஷமா கல்லு மாதிரி உக்காந்திருந்த. இப்ப ஊருக்கே சொல்லிட்டியே! ரொம்ப தேங்க்ஸ்யா."

"போய்யா, உன் வேலையப் பாரு."

ஆட்டம் முடிந்ததும் ஹாமிஷ் சேறும் சகதியுமாக என் காரிடம் ஓடிவந்தான். குனிந்து உள்ளே பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"சாரி, எங்கப்பா வந்துட்டார்னு நெனச்சிட்டேன். நீங்க யாரோட அப்பா?"

முன்கண்ணாடி மங்கலாகத் தெரிய, நான் வைப்பரைப் போட்டேன். மழை எப்போதோ நின்றிருந்தது.