மாஸ்டர் சொன்ன ஆமா

அந்தத் தையல் கடையில் வேலையைப் பங்கு பிரித்திருந்தார்கள்: கத்தரி மாஸ்டருக்கு, வாய் அவர் சம்சாரத்துக்கு. வருகிற ஆளை உட்காரவைத்து, "போன தடவைக்கு இப்ப இடுப்பு ஏறிப்போச்சே, வீட்ல நல்ல கவனிப்பா?" என்று சிரிக்கவைத்து, தைக்கவே ஆரம்பிக்காத சட்டையை நாளைக்குத் தருவதாகக் கூசாமல் சொல்வதெல்லாம் அவள். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் துணியில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையோடு பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது, "அவர் பேசினதே கொஞ்சம், அதையும் சேர்த்து நான் பேசிட்டுப் போறேன்" என்றாள். தைரியத்துக்குச் சொன்னதுதான். ஆனால் அப்படியே நடக்கவும் நடந்தாள், வினையே அதில்தான் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணை இருவரும் டீச்சர் என்பார்கள். அன்றைக்கு டீச்சர் மேஜைமேல் ஒரு கரண்டியை வைத்தாள்.

"மாஸ்டர், இது கரண்டியா?"

"ஆமா."

"இது சீப்பா?"

"ஆமா, ஆமா." சொன்ன கையோடு மாஸ்டர் முகத்தைச் சுளித்து, இடது கையால் கரண்டியைத் தள்ளிவிட்டார்.

"அது கரண்டிதான்னு அவருக்குத் தெரியும் டீச்சர்," என்று அவள் உள்ளே புகுந்தாள்.

"நல்லாவே தெரியும்மா. வாய்ல வர்றதுதான் வேற. ஆமாவும் இல்லையும் இவருக்கு மாறி மாறி வருது. அதனால முக்கியமான விஷயத்தை ஒரே கேள்வியில முடிச்சிடாதீங்க. திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேளுங்க. பொருளைக் கையில கொடுத்துக் கேளுங்க. வாய் தப்பிப்போனாலும் முகமும் கையும் காட்டிக்கொடுத்துடும்."

தான் ஒரே தடவை கேட்டு முடித்துவிட்ட ஒரு கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது.

விஷயம் இதுதான். போன வாரம் அவளுடைய அண்ணன் வந்திருந்தார். பூட்டிக் கிடக்கும் கடையைப் பக்கத்து செல்போன் கடைக்காரர் கேட்கிறார், இப்போதே விட்டுவிட்டால் நல்லது என்றார். "மாப்பிள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடு" என்றார். அவள் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள்: "என்னங்க, கடையை விட்டுடலாமா?"

"ஆமா," என்றார் மாஸ்டர். "ஆமா, ஆமா, ஆமா!" கண்ணில் தண்ணீர் கொட்டியது. இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கியது.

"அவரே சொல்லிட்டாரே. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், பாவம்," என்று அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளைக்குச் சாவி வாங்க வருகிறார்.

அந்தக் கை என்ன சொன்னது என்று அவளுக்கு அப்போதே தெரியும். டீச்சர் வந்து சொல்லவேண்டியதில்லை. காலர் ஒரு நூல் கோணினாலும் அவர் பெருமூச்சிலேயே கண்டுபிடித்துவிடுகிறவள் அவள். பிறகு ஏன் வாயைக் கேட்டுக் கையை விட்டாள்? ஓய்ந்துபோயிருந்தாள். குளிப்பாட்டி, உடுத்தி, பயிற்சிக்குக் கூட்டிப்போய், இதற்கு நடுவே பாதி வெட்டிய துணிகளைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி அந்த ஆமா வந்து விழுந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு வக்கீல் வேலை பார்த்தது. டீச்சர் சொன்னது கரண்டிக்கும் சீப்புக்கும்தானே, இனிமேல் அவர் கத்தரி பிடிக்கவா போகிறார், கேட்காமலே இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாதாடியது. வீட்டுக்கு வந்து அவருக்குச் சாப்பாடு ஊட்டினாள். பாதியில் அவர் அவள் கையைத் தடுத்து, அந்தக் கவளத்தை அவள் பக்கமே திருப்பிவிட்டார். காலையிலிருந்து நீ சாப்பிடவில்லை என்று அர்த்தம். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

தட்டை வைத்துவிட்டுப் போய்க் கடைச் சாவியை எடுத்துவந்தாள். அவருடைய இடது கையில் வைத்தாள்.

"என்னங்க, கடையை நாமளே வச்சுக்கலாமா?"

"இல்ல," என்றார். விரல்கள் சாவியை இறுக்கிக்கொண்டன.

அவள் கையை நீட்டினாள். "அப்ப குடுங்க. அண்ணன்கிட்ட கொடுத்துடலாமா?"

"ஆமா," என்றவர் சாவியைச் சரக்கென்று தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். பிறகு தன் வாயை நினைத்தே கோபம் வந்து, "சனியனே!" என்றார். ஆயுசுக்கும் ஒரு கெட்ட வார்த்தை பேசாதவருக்கு இப்போது தங்குதடையில்லாமல் வருவது அது ஒன்றுதான். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"அன்னிக்கே எனக்குத் தெரியுங்க. உங்க கை வேண்டாம்னுதான் சொல்லுச்சு. நான்தான் தெரியாத மாதிரி இருந்துட்டேன். எனக்கு முடியலங்க, அதான்..."

மாஸ்டர் உதட்டைக் கூட்டினார், பிரித்தார். எப்போதும்போல வார்த்தையைப் பிடுங்கி அவரே சொன்னதாகச் சொல்லிவிட அவளுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"தெ... தெரி... யும்."

இதுவும் மாறி வந்த வார்த்தையாக இருந்துவிடக்கூடாதா என்று கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டாள். டீச்சர் சொன்னபடி திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

"நான் தெரிஞ்சேதான் பண்ணேன்னு உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்த்து, மெதுவாக, இல்லை என்று தலையை ஆட்டினார்.

அப்படியென்றால் இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துகொண்டேதான் அவள் ஊட்டியதைச் சாப்பிட்டிருக்கிறார். அவள் சீவிவிடத் தலையைக் கொடுத்திருக்கிறார். அவளால் அங்கே உட்கார முடியவில்லை. நாளைக்கு யார் துணி வெட்டுவது, யார் ஷட்டரைத் தூக்குவது என்று ஒன்றும் தெரியாமலே எழுந்துபோய் அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, நாளைக்கு வரவேண்டாம். கடையை விடல."

"என்னம்மா இது, அந்த ஆளுக்கு வாக்குக் கொடுத்தாச்சே! மாப்பிள்ளை வாயாலதானே ஆமான்னு சொன்னாரு?"

மாஸ்டர் அறையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"அவர் சொல்லலண்ணே. அந்த ஆமா என்னுது."