ரொம்ப நல்ல கெபாசிட்டர்

நோயாளிகள் மூச்சு விட உதவும் மெஷினுக்குப் பவர் சப்ளை போர்டு தயாரிக்கும் தொழிற்சாலை அது. அதன் டிசைனர் அவள். போர்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பழைய கெபாசிட்டர், அலுமினிய டப்பாவுக்குள் திரவம் அடைத்தது. சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போகும். அதைத் தூக்கிவிட்டுத் திரவமே இல்லாத செராமிக்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான். "அது வத்தவே வத்தாது சார்" என்று மேனேஜரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி ஜெயித்தாள். அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

இப்போது முந்நூறு போர்டு தயார். மதியம் லாரி ஏற வேண்டும். சும்மா இருக்க மாட்டாமல் காலையில் நாற்பதை எடுத்து மறுபடி சோதித்தாள். மூன்றில் வோல்டேஜ் ஆடியது. மீட்டரைச் சந்தேகித்தாள், ஒயரைச் சந்தேகித்தாள், தன்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகித்தாள். கடைசியில் செராமிக்கைக் கழற்றிப் பழைய டப்பாவை வைத்துப் பார்த்தாள். ஆட்டம் நின்றது. கெபாசிட்டருக்குள் கொஞ்சமாவது மின்தடை இருந்தால்தான், வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் அடங்கி நடக்கும். செராமிக்கில் அது அநேகமாக இல்லை; அந்த நல்ல குணமே இங்கே குறையாகிவிட்டது. ரெகுலேட்டரோடு வந்த டேட்டா ஷீட்டின் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியே இருந்தது. அம்மணி எட்டாம் பக்கத்தோடு திருப்திப்பட்டிருந்தாள்.

அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"லாரிய நிறுத்துங்க சார். செராமிக் ஒத்துவரல. தப்பு என்னோடது."

விவரம் கேட்டுவிட்டு அவர் நெற்றியைத் தேய்த்தார். "நாப்பதுல மூணுதானேம்மா? அடுத்த லாட்ல மாத்திக்கலாம்."

"எங்க மாமியார் இந்த மெஷினாலதான் மூச்சு விடுறாங்க. அவங்க மெஷினுக்குப் புது போர்டு இந்த லாட்லதான் வருது."

"இவ்வளவுதானா? அவங்களுக்கு நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சிட்டா போச்சு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"சரி சார். நீங்களே எடுத்துக் குடுங்க."

இருவரும் பேக்கிங் மேஜைக்கு வந்தார்கள். முந்நூறும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்பது மணிக்கு ஆடாத போர்டு ஒன்று பதினொரு மணிக்கு ஆடியதையும் அவள் சொன்னாள். அவர் கை மூன்றாம் வரிசைக்குப் போனது. பிறகு ஐந்தாம் வரிசைக்கு. எதையும் தொடவில்லை.



மேனேஜர் போனை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டார். "இன்னிக்கு லோடு இல்லப்பா. காலியாவே போயிடு."