ஒரு நாளைக்கு ஒரு சாண்

1

இந்தக் கதை எனக்கு டயர் கடையில் கிடைத்தது. ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கப் போயிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்மணி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "நான் என்ன லோடா? ஏத்திட்டுப் போயி இறக்கிட்டு வரதுக்கு?"

நான் திரும்புவதற்குள் கடைக்காரர் காற்றுக் குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் பதில் கேட்கவில்லை. சத்தம் நின்றபோது இருவரும் போய்விட்டிருந்தார்கள். கேட்காத பதிலை நானே எழுதிவிடலாம், என்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். மூன்று வாரமாக உட்கார்ந்தே இருக்கிறேன்.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது. எனக்கு நான்கு சக்கர வண்டி எதுவும் ஓட்டத் தெரியாது. கதையில் வண்டி ஓடுகிற இடங்களைக் கொஞ்சம் கண்டும் காணாமலும் கடந்து போங்கள்.

2

தொடக்கங்கள்.

'விடியலின் பொற்கதிர்கள் நெடுஞ்சாலையை முத்தமி'

வேண்டாம். சூரியனுக்கு வேறு வேலை இல்லையா.

'முப்பது வருஷம் லாரி ஓட்டினார், ஆனால் ஒருநாளாவது அவர்'

இந்த 'ஆனால் ஒருநாளாவது' வந்துவிட்டாலே பின்னாலேயே அழுகை வந்து நிற்கும். இது அழுகிற கதை இல்லை.

'சமையலறை மேசையில் வரைபடம் விரித்திருந்தது.'

சரி. இதில் உட்காரலாம்.

3

சமையலறை மேசையில் வரைபடம் விரித்திருந்தது. மேசை போதாமல் அதன் ஒரு மூலை நாற்காலிமேல் தொங்கியது. ஓட்டுநர் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் நெடுந்தூர லாரி ஓட்டிவிட்டு, முந்தாநாள்தான் சாவியை ஒப்படைத்திருந்தார். ஓய்வுப் பரிசாக மகள் ஒரு கேரவனைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. நாளைக் காலை வாசலுக்கு வந்துவிடும். நாட்டின் அந்தக் கோடியில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். கூட வரப்போகிறவள் அவருடைய மனைவி. மருந்துக்கடை நடத்துகிறவள், டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துப் படித்தே வயதானவள். (அவரை 'அவர்' என்றும் இவளை 'அவள்' என்றும் எழுதுவது மரியாதைக் குறைவால் இல்லை. இரண்டு 'அவர்' இருந்தால் வண்டியை யார் ஓட்டுகிறார் என்று எனக்கே குழம்பிவிடுகிறது.)

தூரம் அளக்க ஓட்டுநருக்கு ஸ்கேலும் வேண்டாம், போனும் வேண்டாம். கையை விரித்து வரைபடத்தின் மேல் வைப்பார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் ஒரு நாள். ஒரு சாண் என்பது ஒரு நாள் ஓட்டம். ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் வரும், சாலை நன்றாக இருந்தால் அறுநூறு.

"அஞ்சு சாண்," என்றார் திருப்தியோடு. "போக அஞ்சு நாள், வர அஞ்சு நாள். அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

அவள் அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள். கைப்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. "ஒரு நாளைக்கு ஒண்ணா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"கிண்டல் பண்ணாத. விடியறதுக்கு முன்னாடி கிளம்பிட்டோம்னா வெயில் ஏறதுக்குள்ள பாதி ஓட்டம் முடிஞ்சிரும்."

"எங்கெல்லாம் நிப்போம்?"

"டீசல் போடற இடத்துல."

"வேற?"

அவர் யோசித்தார். "டயர் சூடு பார்க்கணும்ல."

அவள் விரல் ஒரு நீலக் கோட்டின் மேல் போய் நின்றது. "இந்த ஆத்தை எத்தனை தடவை தாண்டியிருப்பீங்க. எப்படி இருக்கும்?"

"பாலம் நல்லா அகலமா இருக்கும். எதிர்ல லாரி வந்தாலும் தாராளமாப் போகலாம்."

அவள் கைப்பையை இறக்கி வைத்தாள். "நான் என்ன லோடா? ஏத்திட்டுப் போயி இறக்கிட்டு வரதுக்கு?"

(வந்துவிட்டது. இனிமேல் எனக்கு டயர் கடை உதவி கிடையாது.)

"அப்படி இல்லம்மா..."

"உங்க சாண் கணக்குன்னா நீங்களே போயிட்டு வாங்க. எனக்குக் கடை இருக்கு." சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

4

இதுவரைக்கும் எழுதியதை என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கார் ஓட்டுகிறவள்.

"அக்கா, அவ்வளவு பெரிய வண்டிய தினமும் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டினா மூணாம் நாள் கதை எலும்பு டாக்டர்கிட்ட போயிடும்," என்றாள். "அது போகட்டும். இந்த மனுஷனுக்கு என்ன அவசரம்? கால்ல யாராவது சுடுதண்ணிய ஊத்திட்டாங்களா?"

"பிடிவாதக்காரர்," என்றேன்.

"பிடிவாதம்னு எழுதறது எழுதறவங்க சோம்பேறித்தனம்."

வாய் நீளம்தான், ஆனாலும் சொன்னதில் தப்பில்லை. மறுபடி சமையலறைக்குப் போனேன். ஓட்டுநர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் விட்டுவிட்டு வந்தால் அவர் எங்கே போவார்.

அரை சாண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை சாண் என்றால் மதியத்துக்கெல்லாம் வண்டி நின்றுவிடும். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வது என்று நினைத்ததுமே கையை மறுபடி முழுச் சாணுக்கு விரித்தார். லாரியில் இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்தால் ஒரு நாள் தூங்குவார். மறுநாள் குழாய், மின்விசிறி, கதவுக் கீல் என்று எதையாவது கழற்றி மாட்டுவார். அதற்கு மறுநாள் துணி மடித்துக் கிளம்பிவிடுவார். மனைவியோடு எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கையில் ஒரு வேலையும் இல்லாமல், ஒரு முழு நாள் இருந்ததே இல்லை. என்ன பேசுவது? பேச்சு தீர்ந்துபோனால்? கேரவனில் கழற்றி மாட்டவும் ஒன்றும் கிடையாது, வாடகை வண்டி.

அவருக்கு அவசரமே இல்லை. பயம்தான். எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

5

அவள் முகம் துடைத்துக்கொண்டு வந்தபோது ஓட்டுநர் வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினார். "உன் கையால அள."

அவள் கையை விரித்து வைத்தாள். அவர் சாணுக்கு எட்டவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, விரித்த கையை மூடி நான்கு விரலை மட்டும் ஒட்டிப் படுக்க வைத்தாள். "இவ்வளவு போதும்."

"இருநூறுகூட வராதே. கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர மாட்டோம்."

"அது எங்கயும் ஓடிப் போகாது." அப்புறம் ஒரு ஏரியைக் காட்டினாள். "நாலாம் நாள் இங்க. அன்னைக்கு ஓட்டமே கிடையாது. சாவியத் தொடக்கூடாது."

ஓட்டுநர் தலையாட்டினார். "சரி. அங்க ஒரு நாள் ஹால்ட்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன?"

"அந்த வார்த்தை வேண்டாம்."

"எந்த வார்த்தை? ஹால்ட்டா? ஓட்டத்துல நடுவுல நிக்கறதுக்கு அதான பேரு?"

"தெரியும். ஒவ்வொரு தடவையும் போன் பண்ணுவீங்க. 'நாளைக்கு வரேன், வீட்ல ரெண்டு நாள் ஹால்ட்'னு. நம்ம வீடு உங்களுக்கு நடுவுல நிக்கற இடம். டீசல் போடற மாதிரி."

முப்பது வருஷமாக எல்லா ஓட்டுநர்களும் சொல்கிற வார்த்தை. அது குத்தும் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை. நாற்காலியில் தொங்கிய வரைபடத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். (இந்த இடத்தில் வெளியே மழை பெய்தது. அந்த வரியைத் தங்கை அடித்துவிட்டாள்.)

"எனக்குச் சும்மா உட்காரத் தெரியாதும்மா," என்றார். "ஓட்டும்போது மனசுக்குள்ள உன்கிட்ட என்னென்னமோ பேசுவேன். வீட்டுக்கு வந்தா ஒண்ணும் வராது. அதான் சாண் சாணா வச்சேன். ரோட்டுல இருந்தா அது ஒரு வேலை. பேச்சு தீந்துபோச்சுன்னு தெரியாது பாரு."

அவள் கோபப்படுவாள் என்றுதான் எழுத நினைத்தேன். அவளோ சிரித்துவிட்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மூணாம் நாள் நீங்க கிளம்பிப் போனதும் நான் ஒரு டீ போட்டுக் குடிப்பேன். நிம்மதியா. எனக்கும்தான் உங்கள வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாது."

"அப்ப எதுக்கு அந்த நாலாம் நாள்?"

"தெரிஞ்சுக்க வேண்டாமா? எப்படியும் இனிமே எல்லா நாளும் நாலாம் நாள்தான். வீட்ல தோத்துப்போறதுக்கு ஏரிக்கரையில தோத்துப் பார்ப்போம்."

6

இந்தப் பகுதியில் முதல் மூன்று நாள் பயணம் இருந்தது. எல்லாமே நன்றாக நடந்ததால் எடுத்துவிட்டேன். ஓட்டுநர் அந்தப் பாலத்தை முதல் தடவையாகக் கீழே இறங்கி நின்று பார்த்தார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். கூடவே ஆறும் தெரிந்தது. அவள் ரொட்டியைத் தீய்த்தாள். அவர் 'நல்லா இருக்கு' என்று தின்றார். பேச்சு கொஞ்சம்தான். அதுவும் பெரும்பாலும் ரொட்டியைப் பற்றி.

முடிவுகள்.

முதல் முடிவு: இருவரும் ஏரிக்கரையில் கைகோத்து நிற்க, சூரியன் மெல்ல மெல்ல

மறுபடியும் சூரியனா. எனக்குப் புத்தியே வராது.

இரண்டாவது முடிவு: நாலாம் நாள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். பேசுகிறார்கள், பேசுகிறார்கள். நாலு பக்கம் எழுதினேன். அந்த ஓட்டுநர் என் மாதிரியே பேசினார். கிழித்துப் போட்டேன்.

7

நாலாம் நாள் விடிவதற்கு முன்னால் ஓட்டுநருக்கு விழிப்பு வந்துவிட்டது. பழக்கம். பால் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வரும் வழியில் பெட்ரோல் பங்கில் ஒரு கடை பார்த்திருந்தார். சட்டென்று போய் வாங்கி வந்துவிட்டால் காபியோடு அவளை எழுப்பலாம். சாவியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்தான். பாலுக்குப் போவதெல்லாம் ஓட்டத்தில் சேருமா என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டு அவர் சோபாவில் படுத்திருந்தார்; கட்டில் பக்கம் திரை மூடியிருந்தது. சத்தமில்லாமல் முன்சீட்டில் ஏறி வண்டியை எடுத்தார்.

கட்டிலில் அவள் இல்லை. அவருக்கு முன்பே எழுந்து, பல் விளக்கித் துண்டோடு வண்டி நிறுத்துமிடத்துக் குளியலறைக்குப் போயிருந்தாள். திரைக்குப் பின்னால் இருந்தது தலையணையும், ஒரு போர்வைக் குவியலும், சார்ஜில் போட்ட அவள் போனும்தான்.

("அக்கா, இது நம்பற மாதிரியே இல்ல." "நீ அறுநூறு கிலோமீட்டரையும்தான் நம்பல. பேசாமப் படி.")

சாலை காலியாக இருந்தது. வளைவில் திரும்பும்போது பின்னாலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"முழிச்சிட்டியா? பால் வாங்கத்தான் போறேன், திட்டாத," என்றார்.

அடுத்த வளைவில் அடுப்புப் பக்கத்துத் தம்ளர் நகர்ந்து 'ம்' என்பது போல் ஒரு சத்தம் போட்டது.

கண் சாலையில், கை ஸ்டியரிங்கில். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. முதலில் பாலத்தைப் பற்றி, அப்புறம் மகள் பிறந்த அன்றைக்கு அவர் எந்தச் சாலையில் சிக்கி நின்றார் என்பது பற்றி, அப்புறம் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைப் பற்றி. நெஞ்சு லேசானது. பெட்ரோல் பங்க் வந்தது, போனது, அவர் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாள். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாளே என்று அவருக்குத் தாங்கவில்லை. வண்டியை ஓரம்கட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் திரையை விலக்கினார்.

அங்கே அவர் முகம் போன போக்கை எழுதலாம். எழுதமாட்டேன், பாவம்.

8

திரும்பி வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. ஏரிக்கரைப் பெஞ்சில் அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பால் வாங்கத்தானே போனீங்க? அப்படித்தான் நினைச்சேன்."

"வாங்கல. மறந்துட்டேன்."

"அப்ப இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"பேசிட்டிருந்தேன்."

"யாரோட?"

"உன்னோடதான்."

அவள் அவரையும் பார்த்தாள், வண்டியையும் பார்த்தாள். திட்டுவதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தவள்தான். "நான் என்ன பதில் சொன்னேன்?"

"'ம்'னு சொன்ன."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"அப்ப அது நான் இல்ல." துண்டை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். "உட்காருங்க. இப்பச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். என்ஜின் அணைந்திருந்தது. எதிரே சாலை இல்லை, தண்ணீர்தான் இருந்தது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லாததால் முட்டியைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் அவர் சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும், பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் அதை நான் இங்கே எழுதினால் அவர் அவளிடம் சொன்னதாக ஆகாது.

என்னால் இவரை இதற்கு மேல் நகர்த்த முடியவில்லை. அவர் வாயைத் திறந்துவிட்டார், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதல் வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். எதை வேண்டுமானாலும் கொடுங்கள். 'ஒண்ணுமில்ல' என்று மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவள் சரியென்று எழுந்து காபி போடப் போய்விடுவாள்.